தென்கடல் திருடர்கள் – 9: எறியப் போன புத்தகம்

போன வாரம் உங்களை அரிக்காவின் சுடுமணலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். ஏழு நாளாக அங்கேயே நிற்கிறீர்கள். வாருங்கள், கப்பல் ஏறலாம்.

கப்பலின் பெயர் டிரினிட்டி. ஏறியிருப்பவர்கள் ஆங்கிலேயர்கள் என்பதால் ஆங்கிலக் கப்பல் என்று நினைத்துவிடாதீர்கள். பலகை, பாய், ஆணி எல்லாமே ஸ்பானியச் சரக்கு. பனாமாவுக்கு முன்னால் பிடுங்கியது. அதில் இப்போது சுமார் 70 பேர். பனாமாப் பூசந்தியைக் கால்நடையாகக் கடந்து வந்தபோது 300 பேருக்கு மேல் இருந்த கூட்டம் இது. பகைவனோடு போட்ட சண்டையில் கொஞ்சம் கரைந்தது. தங்களுக்குள் போட்ட சண்டையில் இன்னும் கொஞ்சம் கரைந்தது.

கோபித்துக்கொண்டு பிரிந்தவர்களில் வில்லியம் டாம்பியரும் உண்டு. பின்னாளில் உலகத்தைச் சுற்றும் வழியில் நம் சென்னப்பட்டினத்துக் கோட்டையில் சில மாதம் தங்கிவிட்டுப் போனாரே, அதே டாம்பியர்தான். இன்னும் மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால், இந்த வாரம் நடக்கப்போவதை அவர் கண்ணால் பார்த்திருப்பார்.

தலைவன் யார்? மறுபடியும் பார்த்தலோமியு ஷார்ப்.

ஞாபகம் இருக்கிறதல்லவா? ஜனவரியில் இவனை இறக்கிவிட்டு வாட்லிங்கை ஏற்றினார்கள். அரிக்காவுக்குப் போகும் வழியில், அந்த ஊரைப் பற்றிப் பொய் சொல்லிவிட்டான் என்று ஒரு கிழவனைச் சுடச் சொன்னான் வாட்லிங். அப்போது ஷார்ப் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் கையைக் கழுவிக்கொண்டான். கிழவன் சொன்னது பொய்யல்ல என்பது அரிக்காச் சண்டையில் தெரிந்தது. தெரிந்தபோது வாட்லிங் உயிரோடு இல்லை. காயத்துக்குக் கட்டுப் போட வேண்டிய வைத்தியர்கள் குடித்துவிட்டுக் கிடந்து பகைவன் கையில் சிக்கினார்கள். மிஞ்சியவர்கள் தள்ளாடியபடி ஷார்ப்பிடம் வந்தார்கள். நீயே இரு என்றார்கள்.

இருந்தான்.

ஆனால் ஒருமுறை இறக்கப்பட்டவன் ஆசனத்தில் முழுசாக உட்கார மாட்டான். விளிம்பில்தான் உட்காருவான். இன்னொரு முறை இறக்க அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே ஷார்ப்புக்கு உடனடியாக இரண்டு தேவை. ஒன்று, எல்லோர் மடியும் நிறையும்படி ஒரு கொள்ளை. இரண்டாவது, ஊர் போய்ச் சேர ஒரு வழி.

முதலாவதைவிட இரண்டாவதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

கடற்கொள்ளைக்காரனுக்கு வழி தெரியாமல் இருக்குமா என்று சிலர் கேட்கக்கூடும். தெரியாது! தென்கடல் என்கிற பசிபிக்கின் அமெரிக்கக் கரை முழுவதும் அன்றைக்கு ஸ்பெயினின் வீட்டுக் கொல்லை மாதிரி. அந்தக் கரையின் துறைமுகம் எது, பாறை எது என்பதெல்லாம் அவர்களுடைய மீகாமன்களுக்கு மட்டும்தான் தெரியும். டிரினிட்டியில் இருந்த வரைபடம் என்ன தெரியுமா? பிடித்து வைத்திருந்த ஸ்பானியர்களின் வாய். எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே பாறை இருக்கிறது என்று கைதியைக் கேட்டுக் கேட்டுக் கப்பல் ஓட்டினார்கள். பகைவன் காட்டும் வழியில் நடப்பது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவன் உண்மை சொன்னாலும் பயம். பொய் சொன்னால் முடிந்தது கதை.

இந்த நிலையில்தான், 1681 ஜூலை மாதக் கடைசியில், இன்றைய எக்வடார் நாட்டின் பசாதோ முனைக்கு அருகே ஒரு பாய் தெரிந்தது.

தனிக் கப்பல்.

எல் சாந்தோ ரொசாரியோ. ஜெபமாலை என்று பொருள். பெரு நாட்டின் கயாவோ துறைமுகத்திலிருந்து பனாமா போய்க்கொண்டிருந்தது. தலைவர் தியேகோ லோப்பஸ். எதிரே வரும் டிரினிட்டியைப் பார்த்தால் ஸ்பானியக் கட்டுமானம்தான்; சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஆனால் கிட்டே வந்ததும் புரிந்துவிட்டது. ரொசாரியோவின் பீரங்கிதான் முதலில் முழங்கியது.

கொள்ளையர்கள் அப்படித்தான் சொன்னார்கள். இந்த ஒரு செய்தியை மட்டும் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இந்தக் கூட்டத்துக்குப் பீரங்கி முக்கியமில்லை. நீளத் துப்பாக்கிதான் தெய்வம். காட்டில் மாடும் பன்றியும் சுட்டுச் சுட்டுப் பழகிய குறி. ஆடும் தளத்தில் நின்றுகொண்டு, எதிர்க் கப்பலில் சுக்கான் பிடிப்பவனையும் உத்தரவு போடுபவனையும் தேடித் தேடிச் சுடுவார்கள். தியேகோ லோப்பஸ் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

விழுந்தார்.

அதற்குப்பின் நெடுநேரம் தாங்கவில்லை. ரொசாரியோ பணிந்தது.

கொள்ளையர்கள் ஒரு கப்பலில் ஏறும் முதல் சில நிமிடங்கள் எப்படியிருக்கும்? கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்கு முண்டியடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதோடு துப்பாக்கியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் மதுவும் பிராந்தியும் நிறைந்த ஜாடிகள், 600க்கும் மேலே! மாதக்கணக்கில் பாசிபிடித்த தண்ணீர் குடித்த வாய்கள். ஒரு கூட்டம் அங்கே ஓடியது. இன்னொரு கூட்டம் காசுப் பெட்டியைத் தேடியது. கப்பலில் பயணம் செய்த ஒரு பெண்மணியைப் பார்த்துவிட்டு, தென்கடலில் இவ்வளவு அழகியைக் கண்டதில்லை என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தான் பேசில் ரிங்ரோஸ். படித்தவன், லத்தீன் தெரிந்தவன், படம் வரையத் தெரிந்தவன். ரத்தம் காயாத தளத்தில் அவனுக்குக் கண் போன இடம் அது!

ஷார்ப்பின் கண் வேறு இடத்தில் இருந்தது.

தோற்ற கப்பலில் தோற்றவர்கள் என்ன செய்வார்கள்? கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். மோதிரத்தை ஒளித்து வைப்பார்கள். சிலுவையைத் தொட்டு முணுமுணுப்பார்கள். இங்கே ஒரு விபரீதம் நடந்தது. ஸ்பானியர்கள் எதையோ எடுத்துக்கொண்டு கப்பல் விளிம்புக்குப் போனார்கள்.

பெட்டி அல்ல.

பொன் அல்ல.

ஒரு புத்தகம்.

கொஞ்சம் நிறுத்துவோம். புத்தகம் இப்போது விளிம்பில் இருக்கிறது. கீழே பசிபிக். இன்னும் ஒரு முழ தூரம் போனால் ஷார்ப்பின் கதை வேறு, நம்முடைய தொடரும் இந்த வாரத்தோடு சரி.

எதற்காக எறிய வேண்டும்? ஏனென்றால் அது சாதாரணப் புத்தகம் இல்லை. ஸ்பானியர்கள் அதைத் தெரோத்தேரோ என்பார்கள். வழிநூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியா தொடங்கித் தென்முனை வரை, பசிபிக்கின் அமெரிக்கக் கரை முழுவதும் அதில் இருந்தது. ஒவ்வொரு துறைமுகமும், விரிகுடாவும், மணல்திட்டும், மூழ்கிய பாறையும் கையால் வரையப்பட்டிருந்தன. எந்தத் துறைக்குள் எந்தப் பக்கமாக நுழைய வேண்டும், எங்கே நங்கூரம் போடலாம் என்று பக்கத்திலேயே குறிப்பும் இருந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மலைகள்.

நம் கடற்கரையில் மீன் பிடிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோயில் கோபுரத்தையும், தர்கா மனாராவையும், மாதாகோயில் உச்சியையும் வைத்துத்தான் கடலில் தாங்கள் நிற்கும் இடத்தைச் சொல்வார்கள். இந்தக் கோபுரமும் அந்தப் பனையும் ஒரே கோட்டில் வந்தால் கீழே பார் இருக்கிறது என்பார்கள். ரொசாரியோவின் புத்தகமும் அதே வித்தைதான். கரையை மேலேயிருந்து பார்த்தபடி வரைந்ததோடு நிற்கவில்லை. கப்பல் தளத்தில் நிற்பவன் கண்ணுக்கு அந்த மலை எப்படித் தெரியுமோ அப்படியே எழுப்பிக் காட்டியிருந்தார்கள். ஊர் பேர் தெரியாதவன்கூடப் படத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்து, இதுதான் அந்தத் துறை என்று சொல்லிவிடலாம்.

அந்தத் துறைகளில் பலவற்றுக்குப் பெரிய கோட்டை கிடையாது. சொல்லிக்கொள்ளும்படி பீரங்கி கிடையாது. ஸ்பெயின் கட்டிய மதில் எது தெரியுமா? அந்நியனுக்கு வழி தெரியாது என்பதுதான். செவில்லா நகரில் இதற்கென்றே ஓர் அலுவலகம் வைத்து, மூலப் படத்தைப் பூட்டிக் காத்து, மீகாமன்களுக்குப் பரீட்சை வைத்து, நகல் எடுத்துக் கொடுத்து, இத்தனை காலமும் அந்த மதிலைக் காத்தார்கள்.

அந்த மதில் இப்போது விளிம்பில்.

ஷார்ப் பிடித்துவிட்டான்.

எப்படிப் பிடித்தான், எட்டிப் பறித்தானா, துப்பாக்கியை நீட்டினானா என்றெல்லாம் அளந்துவிட எனக்கும் ஆசைதான். ஷார்ப்பே அவ்வளவு அளக்கவில்லை. எறியப் போனார்கள், அதிர்ஷ்டவசமாகக் காப்பாற்றிவிட்டேன் என்ற அளவில் எழுதிவிட்டான். ஆனால் அடுத்து நடந்ததை மறக்காமல் குறித்து வைத்தான்.

புத்தகம் அவன் கைக்குப் போனதும் ஸ்பானியர்கள் அழுதார்கள்.

தலைவர் செத்துக் கிடக்கிறார். கப்பல் போய்விட்டது. சரக்கு போய்க்கொண்டிருக்கிறது. ஷார்ப் குறித்து வைத்ததோ புத்தகத்துக்கான கண்ணீரை! தென்கடல் இனி நம்முடையது இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அழுகையைப் பார்த்த கணத்தில்தான் ஷார்ப்புக்குத் தன் கையில் இருப்பதன் விலை முழுசாகப் புரிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஸ்பானிய எழுத்தைவிட ஸ்பானியக் கண்ணீர் அவனுக்கு எளிதாக வாசிக்க வந்தது.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? அதே கப்பலில், அதே மணி நேரத்தில் நடந்த இன்னொன்றைக் கேளுங்கள்.

கீழ்த்தளத்தில் உலோகப் பாளங்கள் அடுக்கியிருந்தன. மொத்தம் 700. மங்கலாக, அழுக்கு வெள்ளையாக இருந்தன. ஒருவன் தூக்கிப் பார்த்தான். கனம். தட்டிப் பார்த்தான். என்ன இது?

வெள்ளீயம் என்று முடிவு செய்தார்கள்.

கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொன்னார்கள். ஷார்ப் சம்மதிக்கவில்லை. கிழக்கே போகிற வழி நீளம். ஈயத்தைச் சுமந்துகொண்டு போய் யாரிடம் விற்பது? துப்பாக்கிக் குண்டு வார்க்க ஆகும் என்று ஒரே ஒரு பாளத்தை மட்டும் டிரினிட்டிக்கு மாற்றினார்கள். ரொசாரியோவின் பாய்மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். மீதி 699 பாளங்களோடும், சுமார் 40 ஆட்களோடும் காற்று போகிற பக்கம் போ என்று விட்டுவிட்டார்கள்.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. வெள்ளிக்கும் வெள்ளீயத்துக்கும் உச்சரிப்பில் ஒரு மூச்சு தூரம்தான்.

அது வெள்ளி.

சுரங்கத்திலிருந்து வந்து இன்னும் முழுசாகச் சுத்தம் செய்யப்படாத வெள்ளி. நாணயம் அடிக்கும் முன்னால் இருக்கும் நிலை. அதனால்தான் பளபளப்பு இல்லை. பொட்டோசி மலையைக் குடைந்து குடைந்து எதை எடுத்தார்களோ, எதைத் தேடி இந்தக் கூட்டம் பூசந்தியைக் கடந்து வந்ததோ, எதற்காக அரிக்காவில் செத்ததோ, அந்த வெள்ளி. அதைக் காலால் எத்திவிட்டுக் குடிக்கப் போய்விட்டார்கள்.

இப்போது பாருங்கள். புத்தகம் போனதற்கு ஸ்பானியர்கள் அழுதார்கள். வெள்ளியைக் கொள்ளையர்கள் புரட்டிப் பார்த்தபோது ஒருவரும் அழவில்லை. அழுதிருந்தால் காட்டிக் கொடுத்திருக்கும். அவர்கள் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். பொருளை இழக்கிறவன் முகத்தைப் பார்த்தே விலை போடுகிற ஷார்ப், அந்த முகங்களில் ஒன்றும் தெரியாததால் ஏமாந்தான். என்னைக் கேட்டால், கப்பலைத் தோற்ற அந்த நாற்பது பேர் அந்த ஒரு ஆட்டத்தில் மட்டும் ஜெயித்துவிட்டார்கள்.

ஷார்ப்புக்கு இது தெரிய இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. அதற்குள் ஊர் திரும்பும் வழியைப் பார்ப்போம்.

மகெல்லன் நீரிணை வழியாக அட்லாண்டிக்கில் இறங்கிவிடலாம் என்று தெற்கே போனார்கள். கையில்தான் இப்போது உலகத்திலேயே சிறந்த வழிநூல் இருக்கிறதே! வேடிக்கை என்னவென்றால், நீரிணையின் வாசல் அகப்படவேயில்லை. புயல் அடித்தது. மூடுபனி சூழ்ந்தது. மலையே தெரியாதபோது மலைப்படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெயர் தெரியாத தீவுக்கூட்டத்துக்குள் ஒதுங்கிப் பிழைத்து, பிறகு துணிந்து தென்முனையையே சுற்றினார்கள். பனிக்கட்டிகளுக்கு நடுவே, வாரக்கணக்காகக் கரையே காணாமல் போன பயணம் அது. மேற்கிலிருந்து கிழக்காக அந்த முனையைச் சுற்றிய முதல் ஆங்கிலேயர்கள் இந்தத் திருட்டுக் கூட்டம்தான். சாதனை செய்கிறோம் என்ற எண்ணம் ஒருவனுக்கும் இருந்திருக்காது. குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்திருக்கும்.

ஜனவரிக் கடைசியில் பார்படோஸ் தீவு தெரிந்தது. சொந்த ஜாதி, சொந்த மொழி, கள்ளும் சோறும் கிடைக்கும் கரை.

கூடவே துறைமுகத்தில் அரசரின் போர்க்கப்பல் ஒன்று.

பாயைத் திருப்பி ஓடினார்கள். ஆன்டிகுவாவுக்குப் போனால் அங்கே ஆளுநர் இறங்க விடவில்லை. கூட்டம் அங்கேயே கலைந்தது. சூதாடி எல்லாவற்றையும் தோற்றவர்கள் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களுக்குக் கப்பலையே கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் கிடைத்த கப்பலில் பயணிகளாக ஏறினார்கள்.

பிரியும்போது ஒரு சின்னச் சம்பவம். குண்டு வார்க்க எடுத்துவந்த அந்த ஒற்றைப் பாளத்தில், வார்த்தது போக மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. யாருக்கு வேண்டும் இந்த ஈயம் என்று பிரிஸ்டல் ஊர்க்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவனுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. இங்கிலாந்து கொண்டுபோய் 75 பவுனுக்கு விற்றான்.

மூன்றில் ஒரு பங்குக்கு 75 பவுன். முழுப் பாளத்துக்கு 225. அதை 700ஆல் பெருக்குங்கள். ஒன்றரை லட்சம் பவுனைத் தாண்டுகிறது. அந்தக் காலத்துப் பவுன்! திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

சரி, வெள்ளி போனது. புத்தகம்?

அதை ஷார்ப் ஊதாரித்தனமாக யாருக்கும் கொடுக்கவில்லை. 1682 மார்ச்சில் இங்கிலாந்து மண்ணில் கால் வைத்தபோது அது அவனுடனேயே வந்தது. நடுவில் ஒரு துணுக்கு: ஆங்கில மாலுமிகள் இந்த மாதிரிக் கடல்வழிப் புத்தகத்தை ‘வேகனர்’ என்றுதான் சொல்வார்கள். லூகாஸ் வாகெனர் என்ற டச்சுக்காரர் அச்சடித்த கடல்வழி நூல் அவ்வளவு பிரபலம். நாம் எந்த நகலையும் ஜெராக்ஸ் என்கிறோமே, அப்படி. ஷார்ப் கொண்டுவந்தது தென்கடல் முழுவதற்குமான வேகனர். அன்றைய இங்கிலாந்தில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது.

ஆனால் ரொசாரியோவின் சேதி அவனுக்கு முன்பே லண்டனுக்கு வந்து காத்திருந்தது.

ஸ்பெயினின் தூதர் பெத்ரோ ரொன்கியோ சும்மா இருப்பவர் அல்ல. இரண்டு நாட்டுக்கும் சமாதானம் இருக்கும்போது எங்கள் கப்பலைப் பிடித்தது கொள்ளை, தியேகோ லோப்பஸைச் சுட்டது கொலை, தூக்கில் போடுங்கள் என்று அரண்மனை வாசலில் நின்றார். இரண்டாம் சார்லஸ் மன்னரால் ஸ்பெயினைப் பகைத்துக்கொள்ள முடியாது. ஷார்ப்பையும் அவன் கூட்டாளிகள் இருவரையும் பிடித்தார்கள். தேம்ஸின் தென்கரையில், சதர்க் மார்ஷல்சியில், கடல் குற்றங்களை விசாரிக்கும் நீதிமன்றம் கூடியது.

இந்த இடத்தில் உங்களுக்கு லண்டனில் வாப்பிங் என்ற பகுதியைக் காட்ட வேண்டும். தேம்ஸ் நதியை ஒட்டிய மாலுமிகள் பேட்டை. அங்கே நமக்கு வேண்டிய இடங்கள் இரண்டு.

ஒன்று, கடற்கொள்ளையரைத் தூக்கில் போடும் துறை. நீர் வற்றும்போது தெரியும் சேற்றில் தூக்குமரம் நடுவார்கள். மூன்று முறை வெள்ளம் ஏறி இறங்கிப் பிணத்தை நனைத்த பிறகுதான் இறக்குவார்கள்.

மற்றொன்று, ஒரு கடை. கடல் வரைபடங்களை வரைந்து, வண்ணம் தீட்டி, விற்கிற கடை. நடத்தியவர் பெயர் வில்லியம் ஹாக்.

ஜூன் 10ஆம் தேதி ஷார்ப் கூண்டில் ஏறினான். குற்றப்பத்திரிகை வாசிக்கப்பட்டது. முந்தானையில் முடிந்து வைக்கச் சொன்னேனே, அதை அவிழ்த்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வாப்பிங்கின் இரண்டு வாசல்களில் எந்த வாசலுக்கு அவன் போனான் என்று அடுத்த வாரம் சொல்கிறேன். அதுவரை ஒன்றை மட்டும் யோசித்து வையுங்கள்: தியேகோ லோப்பஸைக் கொன்றவன் என்று ஒரு மனிதனைக் கூண்டில் ஏற்றியிருக்கும் மன்னர், அவன் கொண்டுவந்த புத்தகத்தையும் ஸ்பெயினிடம் திருப்பிக் கொடுப்பாரா?

(தொடரும்)